வீட்டுச் செருப்புக் கம்பெனி வளர்த்த கிளப்

கரூரில் ஹோம் டெக்ஸ்டைல் ஏற்றுமதியில் இருப்பவர்களுக்கு மார்கழி பிறந்தால் தூக்கம் கிடையாது. ஜனவரியில் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்தில் ஹெய்ம்டெக்ஸ்டில் கண்காட்சி. 1971-ல் ஆரம்பித்தது. கிச்சன் டவல், ஏப்ரன், குஷன் கவர், மேசை விரிப்பு என்று எங்கள் ஊர்த் தறியில் ஓடுகிற சரக்குக்கெல்லாம் அங்கேதான் பேச்சு தொடங்கும். நான் ஒரு கம்பெனியில் மெர்ச்சண்டைசர். சேம்பிள் பெட்டியோடு போய், நாள் முழுக்க ஸ்டாலில் நின்று, பொங்கலுக்கு ஊர் வந்து சேர்ந்தால் உண்டு, சேராவிட்டால் இல்லை என்கிற பிழைப்பு.

அந்த ஊரில் துணியைவிட எனக்குப் பிடித்துப்போனது ஒரு விளையாட்டுக் கிளப். ஐன்ட்ராக்ட் ஃபிராங்க்ஃபர்ட். கால்பந்து பார்க்கிறவர்களுக்குப் பெயர் தெரிந்திருக்கும், 2022-ல் யூரோப்பா லீக் கோப்பையை வாங்கிய அணி. நான் எழுத வந்தது அந்தப் பதினொரு பேரைப் பற்றி மட்டும் இல்லை. தடகளம், ஹாக்கி, டென்னிஸ், டேபிள் டென்னிஸ், குத்துச்சண்டை, ரக்பி, ஹேண்ட்பால், வாலிபால், ஜிம்னாஸ்டிக்ஸ், நான் விளையாடிய கூடைப்பந்து, எல்லாமே அந்த ஒரே கிளப்பில் இருக்கிறது. உறுப்பினர் எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டிவிட்டது.

எங்களிடம் டவல் எடுக்கிற ஒரு ஜெர்மன் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார். ஒரு சாயங்காலம் ஸ்டாலைப் பூட்டியதும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். அவர் வாரம் ஒரு நாள் ஐன்ட்ராக்டில் டேபிள் டென்னிஸ் ஆடுகிறார். மகள் அங்கேயே ஹாக்கி. எழுபது தாண்டிய அம்மா அதே கிளப்பின் உடற்பயிற்சி வகுப்புக்குப் போகிறார். மூன்று தலைமுறைக்கும் ஒரே கிளப். வருஷச் சந்தா கட்டினால் பொதுக்குழுவில் அம்மாவுக்கும் ஒரு ஓட்டு, அவருக்கும் ஒரு ஓட்டு.

அவர் வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றியதும் உள்ளே போட்டுக்கொள்ள ஒரு ஜோடி கம்பளிச் செருப்பு கொடுத்தார். அங்கே குளிருக்கு வீட்டுக்கு வீடு இது இருக்கும். கையில் துணி வந்தால் திருப்பிப் பார்க்காமல் விடுகிற ஆள் இல்லை நான். மேலே கட்டம் போட்ட தடித்த கம்பளித் துணி, உள்ளே ஃபெல்ட், வாய்ப்பகுதியில் பைப்பிங் வைத்து ஒரு தையல்கூட நழுவாமல் சுற்றி அடித்திருந்தார்கள். குதிகாலில் இரட்டைத் தையல். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "எங்க கிளப்பையே ஒரு காலத்துல இந்தச் செருப்புதான் தாங்குச்சு. அந்தக் கதை தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. தெரிந்துகொண்ட பிறகு விட முடியவில்லை.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். 1899 மார்ச் 8-ம் தேதி விக்டோரியா என்ற பெயரில் ஒரு கால்பந்து கிளப் ஃபிராங்க்ஃபர்ட்டில் உருவானது. அதே வருஷம் கிக்கர்ஸ் என்று இன்னொன்று. இரண்டும் 1911-ல் ஒன்றாயின. முதல் உலகப் போர் முடிந்து, 1920-ல், அந்தக் கால்பந்துக்காரர்கள் 1861-லிருந்து இருந்த ஓர் உடற்பயிற்சிச் சங்கத்தோடு சேர்ந்தார்கள். ஐன்ட்ராக்ட் என்ற பெயர் அப்போது வந்தது. ரீடர்வால்ட் பகுதியில் புது மைதானமும் அதே வருஷம்.

உடற்பயிற்சிச் சங்கம் என்றால் ஜெர்மனியில் அது லேசான விஷயம் இல்லை. நெப்போலியன் படை நாட்டைப் பிடித்து வைத்திருந்த காலத்தில், 1811-ல், ஃபிரெடரிக் லூட்விக் யான் என்பவர் பெர்லினில் ஹாசன்ஹைடே திடலில் இளைஞர்களைக் கூட்டி பார், கயிறு, குதிரை எல்லாம் வைத்துப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார். உடம்பை முறுக்கேற்றினால் நாடு விடுபடும் என்பது அவர் எண்ணம். ராஜாக்களுக்கு அது பிடிக்கவில்லை. கூடுகிற இளைஞர்கள் அரசியல் பேசுவார்கள் என்று 1820-ல் பிரஷ்ய அரசு தடை போட்டது, 1842-ல்தான் எடுத்தது. தடை போன பிறகு ஊர் ஊராக இந்தச் சங்கங்கள் பெருகின. இந்த ஆட்களுக்குக் கால்பந்து என்றாலே ஆகாது. இங்கிலாந்திலிருந்து வந்த நோய் என்றே சொன்னார்கள். அதனால் 1920-களில் நாடு முழுக்க உடற்பயிற்சிக்காரர்களும் விளையாட்டுக்காரர்களும் தனித்தனியாகப் பிரிந்தார்கள். ஃபிராங்க்ஃபர்ட்டிலும் 1927-ல் பிரிந்தார்கள். கால்பந்து, தடகளம், ஹாக்கி இருந்த பக்கம் ஐன்ட்ராக்ட் பெயரை வைத்துக்கொண்டது.

இனிச் செருப்புக் கம்பெனி.

ஜே. அண்ட் சி. ஏ. ஷ்னைடர் என்பது கம்பெனியின் பெயர். ஃபிராங்க்ஃபர்ட்டில் வீட்டுச் செருப்பு தைத்து ஐரோப்பா முழுக்க அனுப்பிய பெரிய தொழிற்சாலை. 1920-களில் அதை நடத்தியவர்கள் யூதர்கள்: ஃபிரிட்ஸ் அட்லர், லோத்தார் அட்லர், வால்ட்டர் நாய்மான். மூவரும் ஐன்ட்ராக்ட் ஆட்கள். அந்தக் காலத்தில் ஜெர்மனியில் கால்பந்துக்குச் சம்பளம் வாங்கக் கூடாது. வாங்கினால் தடை. ஆட்டக்காரனுக்கோ வயிறு இருக்கிறது. மில்லிலும் பட்டறையிலும் நாள் முழுக்க நின்றுவிட்டு ராத்திரி பிராக்டீஸுக்கு வருகிறவன் எத்தனை நாள் தாங்குவான்? அட்லர்களும் நாய்மானும் அதற்கு வழி கண்டார்கள். நல்ல ஆட்டக்காரர்களைத் தங்கள் கம்பெனியில் வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். பிராக்டீஸ் நேரத்துக்கு விடுவார்கள், வெளியூர் மேட்சுக்குப் போனால் சம்பளத்தில் பிடிக்க மாட்டார்கள். ருடால்ஃப் கிராம்லிஷ், ஃபிரான்ஸ் ஷூட்ஸ், ஹான்ஸ் ஷ்டூப், ஹூகோ மான்டெல் என்று தேசிய அணிக்கு ஆடியவர்களே அந்தச் சம்பளப் பட்டியலில் இருந்தார்கள். ஊர்க்காரர்கள் அணிக்கு வைத்த செல்லப்பெயர் 'ஷ்லாப்பெகிக்கர்', வீட்டுச் செருப்பு போட்டுப் பந்து உதைக்கிறவர்கள்.

இதைக் கேட்டதும் எனக்குக் கரூர் வந்துவிட்டது கண் முன்னால்.

வெளியூர்க்காரர்கள் கரூர் என்றால் கொசுவலை, பஸ் பாடி, டெக்ஸ்டைல் என்பார்கள். எங்களுக்கு அது கூடைப்பந்து ஊர். கோடையில் திருவள்ளுவர் மைதானத்தில் எல்.ஆர்.ஜி. நாயுடு நினைவு அகில இந்தியப் போட்டி நடக்கும்போது ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்கே முடித்துவிட்டுக் குடும்பம் குடும்பமாக கேலரிக்குப் போவோம். வங்கி அணி, ரயில்வே அணி, ராணுவ அணி என்று ஆறரை அடி ஆட்கள் விளக்கு வெளிச்சத்தில் ஆடுவதை எங்கள் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தவள் நான். பிற்பாடு பெண்களுக்கும் கரூர் வைசியா வங்கி பேரில் கோப்பை வந்தது. கோயமுத்தூர் போனால் நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை, பி.எஸ்.ஜி. கோப்பை. கொங்கு நாட்டில் கூடைப்பந்து நின்றது மில்காரர்களாலும் பஸ் முதலாளிகளாலும் வங்கிகளாலும்தான். அவர்கள் விளக்குப் போட்டுக் கொடுத்தார்கள், பனியன் எடுத்துக் கொடுத்தார்கள், வெளியூர் ஆட்டக்காரனுக்கு லாட்ஜ் போட்டுச் சோறு போட்டார்கள். கோட்டாவில் ரயில்வேயிலோ வங்கியிலோ ஒரு வேலை கிடைத்துவிட்டால் அந்தப் பையன் குடும்பமே கரையேறிவிடும். எங்கள் மாஸ்டர் பயிற்சியில் சொல்வதே அதுதான்: "ஆடறது ஆட்டத்துக்கு மட்டும் இல்ல கண்ணு. நாளைக்கு உங்கப்பன் கடன அடைக்கறதும் இதே பந்துதான்."

அதனால் ஷ்னைடர் கம்பெனியின் சம்பளப் பட்டியல் என்ன என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. ஊரே அறியப் பெருமையாகப் பேசுகிற கொடை அது. இனி வருவதைச் சகித்துக்கொள்ள முடியாததும் அதனால்தான்.

1932 ஜூன் 12-ம் தேதி ஐன்ட்ராக்ட் ஜெர்மன் சாம்பியன் பட்டத்துக்கான இறுதி ஆட்டம் வரை போனது. நியூரம்பர்க்கில் ஆட்டம். எதிரணி பயர்ன் மியூனிக். 2-0 என்று பயர்ன் ஜெயித்தது. இன்று உலகமே அறிந்த பயர்னுக்கு அதுதான் முதல் பட்டம். அந்த பயர்னின் தலைவர் குர்ட் லாண்டவர் ஒரு யூதர். இந்தப் பக்கம் ஐன்ட்ராக்டின் பொருளாளர் ஹூகோ ரைஸ் யூதர், அணிக்குச் சோறு போட்ட கம்பெனி யூதர்களுடையது. அந்த மத்தியான வேளையில் மைதானத்தில் இருந்த யாருக்கும் அது ஒரு பொருட்டாக இருந்திருக்காது.

ஏழெட்டு மாதம். 1933 ஜனவரி 30-ல் ஹிட்லர் பதவிக்கு வந்தார். ஏப்ரல் 9-ம் தேதி தென் ஜெர்மனியின் பெரிய கிளப்புகள் பதினான்கு சேர்ந்து ஓர் அறிக்கை விட்டன. புது அரசோடு ஒத்துழைப்போம், யூதர்களைக் கிளப்புகளிலிருந்து விலக்கும் விஷயத்திலும் ஒத்துழைப்போம் என்று. கையெழுத்துப் போட்டவற்றில் பயர்ன் உண்டு, ஐன்ட்ராக்ட் உண்டு. அதை வெளியிட்டது 'கிக்கர்' பத்திரிகை. அந்தப் பத்திரிகையை 1920-ல் தொடங்கியவர் வால்ட்டர் பென்செமான், அவரும் யூதர். ஃபிராங்க்ஃபர்ட் கிக்கர்ஸ் உருவானதில் பங்குள்ளவர், அதாவது ஐன்ட்ராக்டின் வேரில் ஒரு வேர். அவர் சுவிட்சர்லாந்துக்குப் போய்ச் சேர்ந்து அடுத்த வருஷமே இறந்துபோனார்.

அந்த அறிக்கை வெளிவந்தபோது அப்படிச் செய்யச் சொல்லி எந்தச் சட்டமும் வந்திருக்கவில்லை. முந்திக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். எனக்கு அதில் மனசு ஆறவே இல்லை. கத்தி கழுத்தில் இருந்தது, வேறு வழியில்லை என்றால் அது வேறு கதை.

ஹூகோ ரைஸ் 1933-லேயே பதவியிலிருந்து போனார், நாட்டைவிட்டும் போனார். ஷ்னைடர் கம்பெனி 1938-ல் உரிமையாளர்களின் கையிலிருந்து பிடுங்கப்பட்டது. கட்டாயத்தில் விற்க வைத்து, சொந்தக்காரர்களை வெளியேற்றி, கம்பெனியை 'ஆரியர்' கைக்கு மாற்றிவிடுவது அன்றைய நடைமுறை. நாய்மான் வெளிநாடு போனார். அதற்கு நடுவில், 1936 பெர்லின் ஒலிம்பிக்கில், ஐன்ட்ராக்டின் டில்லி ஃபிளைஷர் ஈட்டி எறிதலில் 45.18 மீட்டர் எறிந்து தங்கம் வாங்கினார். கசாப்புக்காரர் மகள், ஃபிராங்க்ஃபர்ட்டிலேயே பிறந்தவர். அந்தத் தங்கத்தை ஆட்சியாளர்கள் தங்கள் பெருமைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

கிராம்லிஷ் பேரை மேலே சொன்னேன். செருப்புக் கம்பெனியில் வேலை பார்த்தவர். ஜெர்மன் அணிக்கு 22 ஆட்டம் ஆடியவர், 1934 உலகக் கோப்பையிலும் ஆடியவர். அவர் ஹிட்லர் கட்சியின் எஸ்.எஸ். படையில் சேர்ந்தார். போர் தொடங்கியதும் போலந்தில் அந்தப் படைப்பிரிவில் இருந்தார். யூதர்கள் கொடுத்த வேலையில் சம்பளம் வாங்கிக் கால்பந்து ஆடியவர்! 1939-ல் கிளப்பின் தலைவராகவும் ஆனார். போர் முடிந்து சிறைப்பட்டு வெளியே வந்தவரை 1955-ல் கிளப் மறுபடியும் தலைவராக்கியது. 1970 வரை அவர்தான் தலைவர். பிறகு கௌரவத் தலைவர் பட்டம்.

அவர் தலைமையில்தான் கிளப்பின் பொற்காலமும் வந்தது. இதை மறைத்துச் சொல்ல முடியாது. 1959 ஜூன் 28-ல் பெர்லினில் இறுதி ஆட்டம், எதிரே ஆற்றுக்கு அக்கரையிலிருக்கிற ஆஃபன்பாக் ஊரின் கிக்கர்ஸ். பக்கத்து ஊர்ப் பகை எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டுமா? கூடுதல் நேரத்தில் 5-3. ஐன்ட்ராக்ட் வாங்கிய ஒரே ஜெர்மன் சாம்பியன் பட்டம் இன்றுவரை அதுதான். அடுத்த வருஷம் ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸை இரண்டு ஆட்டமும் சேர்த்து 12-4 என்று அடித்தார்கள். 1960 மே 18-ம் தேதி கிளாஸ்கோ ஹாம்ப்டன் பார்க்கில் ஒரு லட்சத்து இருபத்தேழாயிரம் பேர் முன்னால் ரியல் மாட்ரிட்டோடு இறுதி ஆட்டம். முதல் கோல் ஐன்ட்ராக்ட் போட்டது. பிறகு புஷ்காஷ் நான்கு, டி ஸ்டெஃபானோ மூன்று. 7-3 என்று தோற்றார்கள். அப்போது ஜெர்மனியில் பண்டஸ்லீகா என்கிற தேசிய லீகே இல்லை, 1963-ல்தான் வந்தது. ஆட்டக்காரர்களில் பலருக்கு வேறு வேலையோ கடையோ இருந்தது. அப்படிப்பட்ட அணி மாட்ரிட்டுக்கு மூன்று கோல் போட்டது. அந்த ஆட்டத்தை இணையத்தில் முழுசாகப் பார்த்தேன். தோற்றுக்கொண்டே இருக்கும்போதும் முன்னால் ஓடி ஓடி ஆடுகிறார்கள், யாரும் நிற்கவில்லை.

மைதானத்தின் மெயின் ஸ்டாண்டுக்குள்ளேயே 2007-ல் ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். கண்காட்சி முடிந்து விமானத்துக்கு நேரம் இருந்த ஒரு நாளில் போனேன். கோப்பைகளைக் காட்டுவதோடு அவர்கள் நிற்கவில்லை. 1933-க்குப் பிறகு விரட்டப்பட்ட, கொல்லப்பட்ட கிளப் உறுப்பினர்களைத் தேடிக் கண்டுபிடித்து, வீட்டு விலாசம் வரைக்கும் எடுத்து வைக்கிறார்கள். அவர்கள் குடியிருந்த வீட்டு முன்னால் நடைபாதையில் ஸ்டோல்பர்ஸ்டைன் என்கிற பித்தளைத் தகடு பதித்த கல்லைப் பதிக்கிற வேலையிலும் சேர்ந்திருக்கிறார்கள். பத்து சென்டிமீட்டர் சதுரம் இருக்கும். 'இங்கே வாழ்ந்தார்' என்று தொடங்கும், பெயர், பிறந்த வருஷம், கொண்டுபோகப்பட்ட நாள். குனியாமல் படிக்க முடியாது. குன்ட்டர் டெம்னிக் என்ற கலைஞர் 1990-களில் தொடங்கியது, இப்போது ஐரோப்பா முழுக்க இருக்கிறது.

உயிரோடு இருந்தவர்களையும் பேச வைத்தார்கள். ஹெல்முட் சோன்னபெர்க் என்று ஒருவர், 1931-ல் பிறந்தவர். கத்தோலிக்கப் பையனாக வளர்ந்தவர். தான் யூதத் தாய் வயிற்றில் பிறந்தவன் என்பதே ஏழு வயதில்தான் தெரிகிறது. 1945 பிப்ரவரியில், போர் முடிய மூன்றே மாதம் இருக்கும்போது, நாஜிகளின் தெரேசியன்ஸ்டாட் வதைமுகாமுக்குக் கொண்டுபோகிறார்கள். உயிரோடு திரும்பி அதே ஃபிராங்க்ஃபர்ட்டில் வாழ்ந்து, ஐன்ட்ராக்டுக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர். வயதான பிறகுதான் அந்தக் கதையை வெளியில் சொல்ல ஆரம்பித்தார். 2023-ல் இறந்தார். தன்னைப் போன்றவர்களை வெளியே தள்ளிய கிளப்பை ஒரு மனுஷர் கடைசிவரை நேசித்தார் என்பதை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

கிராம்லிஷைப் பற்றி ஆராய்ச்சி செய்யச் சொல்லி கிளப்பே அந்த ஊரில் இருக்கிற, யூதப் படுகொலை வரலாற்றை ஆராய்கிற ஃபிரிட்ஸ் பவர் நிறுவனத்திடம் கொடுத்தது. அறிக்கை வந்ததும், 2020 ஜனவரியில், செத்துப்போன மனுஷரின் கௌரவத் தலைவர் பட்டத்தை எடுத்துவிட்டார்கள். 1959 பட்டத்தை எடுக்கவில்லை, அவர் ஆடிய ஆட்டங்களை அழிக்கவில்லை. ஆடியது ஆடியதாக இருக்கிறது, செய்ததும் செய்ததாகப் பக்கத்திலேயே இருக்கிறது. வரலாறு எழுதினால் இப்படி எழுத வேண்டும் என்று நான் நினைக்கிறேன். எண்பது வருஷம் பிந்தியது, உண்மைதான். ஆனாலும் சொந்தப் பணத்தைச் செலவழித்து, சொந்தத் தலைவரைப் பற்றி, சொந்த மேடையில் சொன்னார்கள்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1980-ல் யூஏஃபா கோப்பை. 2000-ல் கால்பந்து அணியைத் தனிக் கம்பெனியாக்கினார்கள். ஆனால் ஜெர்மன் லீகின் விதிப்படி ஓட்டுரிமையில் பாதிக்கு மேல் தாய்க் கிளப்பிடம் இருந்தாக வேண்டும், அதாவது சந்தா கட்டுகிற உறுப்பினர்களிடம். ஐன்ட்ராக்டில் பங்கின் பெரும்பகுதியே கிளப்பிடம்தான். சங்கிலிக் குண்டு எறிதலில் 2007 ஒசாகா உலகப் போட்டியில் தங்கம் வாங்கிய பெட்டி ஹைட்லர் இந்தக் கிளப்பின் தடகளப் பிரிவுக்காரர். 2020 ஜூலையில், நான்கு முறை ஐரோப்பியக் கோப்பை வாங்கிய 1. எஃப்.எஃப்.சி. ஃபிராங்க்ஃபர்ட் என்ற பெண்கள் கால்பந்து கிளப் ஐன்ட்ராக்டோடு சேர்ந்தது. 2022 ஏப்ரலில் பார்சிலோனாவை அவர்கள் ஊரிலேயே 3-2 என்று வென்ற ராத்திரி, கேலரியில் ஏறக்குறைய முப்பதாயிரம் ஃபிராங்க்ஃபர்ட்காரர்கள் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார்கள். மே 18-ம் தேதி செவில் நகரத்தில் இறுதி ஆட்டம், எதிரணி மறுபடியும் ரேஞ்சர்ஸ். 1-1, பெனால்டியில் 5-4. மாட்ரிட்டிடம் தோற்ற அதே தேதி, 62 வருஷம் கழித்து. அந்த ஆட்டத்தை நான் கரூரில் வீட்டில் உட்கார்ந்து நடுராத்திரி தாண்டிப் பார்த்தேன். "ஏம்புள்ள, உனக்கென்ன அந்த ஊர்ல ஒறம்பரையா இருக்காங்க, இப்படிக் கத்தற?" என்று அம்மா எழுந்து வந்துவிட்டார்.

இதையெல்லாம் இங்கே எழுத ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் மாஸ்டரிடம் படித்த பழைய ஆட்டக்காரர்கள் கொஞ்சம் பேர் சேர்ந்து ஒரு சங்கம் பதியப் போகிறோம். தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டம் 1975-ன்படி ஏழு பேர் இருந்தால் போதும். ஜெர்மன் சட்டத்திலும் பதிய ஏழு பேர்தான், அதைப் படித்தபோது ஒரு சந்தோஷம். இங்கே போட்டிகள் இருக்கின்றன, கோப்பைகள் இருக்கின்றன, கொடுக்கிற கை இருக்கிறது. பள்ளி முடிந்த பெண் போய் ஆட ஓர் இடம் இல்லை. கல்யாணமானால் ஷூ பரணுக்குப் போய்விடும். அந்த ஜெர்மன் பாட்டி எழுபது வயதில் பை எடுத்துக்கொண்டு கிளப்புக்குக் கிளம்புவதைக் கண்ணால் பார்த்தவள் நான். கரூரிலும் அது நடக்க வேண்டும். வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் கோர்ட், பெரியவர்களுக்கு நடையும் நீட்டி மடக்கும் பயிற்சியும், டேபிள் டென்னிஸ் போட இரண்டு மேசை, எல்லாருக்கும் ஒரே சந்தா, ஒரே ஓட்டு. ஆரம்பத்துக்கு அவ்வளவுதான்.

சங்கத்தின் திறப்பு விழா மலருக்கு எங்கள் டீமின் பழைய கதையை எழுதுகிற வேலை என் தலையில். கொடுத்தவர்கள் பேர் எல்லாம் வரும். கூடவே இன்னொன்றும் வரும்.

நான் பள்ளியில் ஆடிய காலத்தில் எங்கள் டீமின் பிவட் ஒரு பெண். என்னைவிட ஒரு சாண் உயரம். போர்டுக்குக் கீழே அவள் நின்றால் பந்து வேறு யாருக்கும் போகாது. பக்கத்து ஊர் ஒன்றில் நடந்த போட்டியில் நாங்கள் கோப்பை வாங்கினோம். பனியன் எடுத்துக் கொடுத்த புரவலர் வீட்டில் டீமுக்கு விருந்து. அவளுக்கு மட்டும் அழைப்பு இல்லை. எந்தத் தெருவிலிருந்து வருகிறாள் என்று அவர்களுக்குத் தெரியும். மாஸ்டர் விருந்துக்கு வரவில்லை, அன்று சாயங்காலம் அவள் வீட்டில் போய்ச் சாப்பிட்டார். ஆனால் விழா மலரில் போட்ட டீம் போட்டோவில் அவள் இல்லை. விருந்தன்று அந்த வீட்டு வாசலில் எடுத்த போட்டோ அது. கோப்பையை வாங்கிக் கொடுத்தவள் படத்தில் இல்லாமல் அந்த மலர் இன்றைக்கும் எத்தனையோ வீட்டு அலமாரியில் இருக்கிறது. அடுத்த வருஷம் அவள் ஆட வரவில்லை.

போன மாதம் அவளுக்கு ஃபோன் போட்டேன். ஈரோட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறாள், சந்தோஷமாக இருக்கிறாள். இதை எழுதட்டுமா, உன் பேரோடு எழுதட்டுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்: "மலர்ல பேரோட எழுது புள்ள. விருந்து நடந்த கதையும் எழுது. ஆனா அதோட நிறுத்திராத. அன்னைக்கு ஃபைனல்ல நான் எத்தன பாயிண்ட் போட்டேன்னு எழுது. அத ஒருத்தரும் எழுதல."

எத்தனை பாயிண்ட் என்று அவளுக்கே சரியாக நினைவில்லை. இருபதுக்கு மேல் என்கிறாள், மாஸ்டர் இருபத்தாறு என்கிறார். எனக்கு ஸ்கோர் ஷீட் வேண்டும். 1990-களில் கரூர், நாமக்கல், ஈரோடு, தாராபுரம் பக்கம் பள்ளிப் பெண்கள் போட்டிகளில் டேபிள் ஆஃபீஷியலாக உட்கார்ந்தவர்கள், நடுவராக நின்றவர்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், பழைய ஸ்கோர் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீங்க. கார்பன் நகலாக இருந்தாலும் பரவாயில்லை, பூச்சி அரித்திருந்தாலும் பரவாயில்லை. கீழே கமெண்ட்டில் ஒரு வார்த்தை சொல்லுங்க, எந்த ஊராக இருந்தாலும் நானே வந்து பார்த்துக்கொள்கிறேன்.